பான்டூன் படகின் பின்பலகை மக்கிவிட்டதா? மரைன் பிளைவுட், காம்போசிட், அலுமினியம்: எதைப் போடுவது

மோட்டாரின் மேல்மூடியைப் பிடித்து ஆட்டும்போது டிரான்ஸமும் (மோட்டார் தொங்கும் பின்பலகை) சேர்ந்து அசைகிறது. போல்ட்டைக் கழற்றினால் ஓட்டையிலிருந்து பழுப்புத் தண்ணீர் வடிகிறது. 6 மி.மீ. டிரில்லால் ஒரு சோதனைத் துளை போட்டால் வெளுத்த உலர்ந்த சுருளுக்குப் பதிலாகக் கறுத்த ஈரத்தூள் வருகிறது. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலே பின்பலகையை மாற்றியாக வேண்டும். எபாக்ஸியை (இரு பாகம் கலந்து இறுகும் ரெசின் பசை) ஊசியால் உள்ளே செலுத்திச் சரிசெய்யும் முறை மோட்டார் தொங்கும் பலகைக்கு ஒத்துவராது. மக்கிய மரம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ரெசின் அதற்குள் முழுதாக ஊடுருவாது.

மாற்றுவது என்று முடிவான பிறகு, எந்தப் பொருளால் மாற்றுவது என்பதில்தான் பலரும் நின்றுவிடுகிறார்கள். அலுமினிய மிதவைக் குழாய்களின் மேல் தளம் அமைத்த பான்டூன் படகுக்கு இந்தக் கேள்வி மற்றப் படகுகளைவிடச் சற்று வேறுபட்டது. இங்கே பலகை ஃபைபர் உடலோடு ஒன்றாக வார்க்கப்படவில்லை. அலுமினியத் தகடுகளுக்கும் சானலுக்கும் (பள்ளமுள்ள சட்டம்) நடுவே செருகி, போல்ட்டால் பிடிக்கப்பட்டிருக்கிறது. அதனால் வேலை எளிது. ஆனால் அலுமினியத்தோடு ஒட்டி உறவாடும் எந்தப் பொருளும் அதைக் கெடுக்காமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே வருகிறது.

## பலகை தாங்கும் சுமை

மோட்டாரின் எடை பலகைக்குப் பின்னால் தொங்குகிறது. புரொப்பெல்லரின் தள்ளுவிசையோ பலகைக்கு வெகு கீழே செயல்படுகிறது. இரண்டும் ஒரே திசையில்தான் முறுக்குகின்றன: மோட்டாரைப் பலகையோடு பிடிக்கும் பிராக்கெட்டின் கீழ்முனை பலகைக்குள் அழுந்துகிறது, மேல் போல்ட்டுகள் பின்பக்கம் இழுபடுகின்றன.

60 குதிரைத்திறன் நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் ஏறத்தாழ 110 கிலோ இருக்கும். அதன் எடைமையம் பலகைக்கு 300 மி.மீ. பின்னால் இருப்பதாகவும், மேல் கீழ் போல்ட்டுகளுக்கு இடையே 200 மி.மீ. தூரம் என்றும் வைத்துக்கொண்டால், படகு சும்மா நிற்கும்போதே மேல் இரண்டு போல்ட்டுகளும் சேர்ந்து 165 கிலோ இழுவையைத் தாங்குகின்றன. மோட்டாரை உயர்த்தி வைத்து டிரெய்லரில் குண்டும் குழியுமான சாலையில் போகும்போது இது பல மடங்காகும். பல பலகைகள் தண்ணீரில் கெட்டதைவிடச் சாலையில் விரிசல் விட்டதே அதிகம் என்று தோன்றும் அளவுக்கு இந்தச் சுமை கடுமையானது.

இந்தச் சுமை போல்ட் ஓட்டையைச் சுற்றியுள்ள மரத்தை நசுக்கும். நசுங்கினால் போல்ட் தளரும், தளர்ந்தால் ஓட்டையை அடைக்கும் சீலன்ட் விட்டுப்போகும், அந்த வழியே தண்ணீர் இறங்கும். மரத்தின் ஈரம் ஏறத்தாழ 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை மக்கவைக்கும் பூஞ்சை வளராது. ஆக, பலகையின் ஆயுளைத் தீர்மானிப்பது மரத்தின் ரகத்தைவிட ஓட்டைகளும் விளிம்புகளும் எப்படி அடைக்கப்பட்டன என்பதே. கீழே வரும் ஒவ்வொரு தேர்வையும் இதை மனதில் வைத்தே எடைபோட வேண்டும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

- அழுத்தம் தாங்கும் திறன்: போல்ட்டை இறுக்கினால் நசுங்காமல் நிற்குமா?
- விறைப்பு: மோட்டார் தள்ளும்போது வளையுமா?
- அலுமினியத்தோடு சேர்க்கை: தகட்டை அரிக்குமா?
- தண்ணீர் உள்ளே போய்விட்டால் என்ன ஆகும்: ஒரு சின்னக் கசிவுக்குப் பிறகும் பிழைக்குமா?
- தடிமன்: பெரும்பாலான டிரான்ஸம்கள் 38 மி.மீ. அளவுக்கு அமைக்கப்பட்டவை. சானலின் இடைவெளியும் அதற்கேற்பவே இருக்கும்.
- வேலைத்திறன்: வீட்டில் இருக்கும் கருவிகளால் முடியுமா, வெல்டர் வேண்டுமா?
- பிறகு திறந்து பார்க்க முடியுமா: போல்ட்டைக் கழற்றி எடுக்கக்கூடிய பலகை வேறு, மூடி வெல்டு செய்துவிட்ட பலகை வேறு.

எடையை இந்தப் பட்டியலில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. 600 × 500 × 38 மி.மீ. பலகை ஒன்றின் கன அளவு 0.0114 கன மீட்டர். ஒகூமே மரத்தாலான மரைன் பிளைவுட்டில் அது ஐந்தரைக் கிலோ, மெராண்டி மரத்தில் ஆறரைக் கிலோ, அடர்த்தி கூடிய காம்போசிட்டில் ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவு. நூறு கிலோ மோட்டார் தொங்கும் இடத்தில் ஒன்றிரண்டு கிலோவுக்காக யாரும் முடிவை மாற்றத் தேவையில்லை.

## மரைன் பிளைவுட், எபாக்ஸி

பெரும்பாலானவர்களுக்கு இதுவே சரியான தேர்வு. பிஎஸ் 1088 (மரைன் பிளைவுட்டுக்கான பிரிட்டிஷ் தரநிலை) முத்திரையுள்ள பலகையில் பசை கொதிநீருக்கும் விடாது. உள் அடுக்குகளில் பொந்துகள் இருக்காது. சாதாரண வெளிப்புறப் பிளைவுட்டிலும் பசை தண்ணீரைத் தாங்கக்கூடும். ஆனால் நடு அடுக்குகளில் இடைவெளிகள் விடுபட்டிருக்கும். போல்ட் அப்படி ஓர் இடைவெளியில் விழுந்தால் அங்கே நசுங்கும், தண்ணீரும் அதே வழியில் பக்கவாட்டில் ஓடும்.

ஒன்றை மறக்க வேண்டாம். மரைன் பிளைவுட்டில் தண்ணீருக்கு அசையாதது பசை மட்டுமே, மரம் அல்ல. ஒகூமே எளிதில் மக்கும் மரம். மெராண்டி சற்றுத் தாக்குப்பிடிக்கும். பூச்சில்லாமல் போட்டால் இரண்டுமே போகும்.

தடிமன் கணக்கு. இரண்டு 18 மி.மீ. பலகைகள் சேர்ந்து 36. நடுவே பசை 0.7 மி.மீ. அளவு. இரு பக்கமும் மூன்று கை எபாக்ஸி பூசினால் மொத்தம் இன்னொரு 0.6. ஆக 37.3 மி.மீ. வரும், 38 மி.மீ. சானலில் சீலன்ட்டுக்கும் இடம் விட்டுச் செருகலாம். இதற்குப் பதிலாக 19 மி.மீ. பலகை இரண்டை எடுத்தால் பூச்சுக்கு இடமே இருக்காது. சுத்தியலால் தட்டி இறக்கும்போது சானலின் விளிம்பு எபாக்ஸியைச் சீவி எடுத்துவிடும். அந்தக் கீறல்தான் அடுத்த மக்கல் தொடங்கும் இடம். கடையில் சொல்லும் தடிமனை நம்பாமல் வெர்னியரால் அளந்து பார்த்து வாங்குங்கள்.

வெட்டுவது. பழைய பலகையை வார்ப்புருவாக வைக்கலாம், ஆனால் அதன் மேல்விளிம்பு நசுங்கியிருக்கும். உயரத்தை அலுமினியச் சட்டத்திலிருந்தே அளக்க வேண்டும். மோட்டார் தண்டின் நீளம் 15, 20 அல்லது 25 அங்குலம் என்ற கணக்கில் வருவதால், பலகை ஒரு அங்குலம் குறைந்தாலும் கூடினாலும் புரொப்பெல்லர் சரியான ஆழத்தில் இருக்காது. பின்சாய்வுக் கோணத்தையும் பழைய சட்டத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

ஒட்டுவது. ஒட்டும் இரு முகங்களிலும் முதலில் தூள் சேர்க்காத எபாக்ஸியைப் பூசி, மரம் குடிக்கப் பத்து நிமிடம் விட வேண்டும். பிறகு சிலிக்கா தூள் சேர்த்து, குச்சியில் எடுத்தால் வழியாமல் நிற்கும் பதத்தில் பல்கரண்டியால் பரப்ப வேண்டும். இந்த முதல் ஈரப்பூச்சைத் தவிர்த்தால் மரம் பசையிலிருந்து ரெசினை உறிஞ்சிவிடும். காய்ந்த பிறகு பார்க்க ஒட்டியதுபோலவே இருக்கும், சுமை வந்ததும் பிளக்கும். கிளாம்ப்பை விளிம்பெங்கும் பசை மணிமணியாக வெளிவரும் அளவுக்கு மட்டும் இறுக்கினால் போதும். மரப்பசைக்குப் பழகிய கைகள் இங்கே முழு பலத்தோடு இறுக்கிப் பசையையெல்லாம் பிதுக்கித் தள்ளிவிடும். எபாக்ஸிக்கு நடுவே கொஞ்சம் கனம் வேண்டும்.

0.3 சதுர மீட்டர் பலகைக்கு ஒட்டுவதற்குக் கால் லிட்டர், மூன்று கைப் பூச்சுக்கு முந்நூறு மில்லி, ஓட்டைகளுக்கும் வீணாவதற்கும் சேர்த்து ஒரு லிட்டர் கலவை போதும். கலந்ததை ஆழமான டப்பாவிலேயே வைத்திருந்தால் தன் சூட்டிலேயே கொதித்துக் கட்டியாகிவிடும். அகலமான தட்டில் ஊற்றிக்கொண்டு வேலை செய்யுங்கள்.

பூசுவது. வெட்டு விளிம்பு மற்ற முகங்களைவிடப் பல மடங்கு குடிக்கும். அங்கே மூன்று கை என்ற கணக்கு கிடையாது. பளபளப்பு நிற்கும்வரை பூச வேண்டும். முந்தைய கை முழுதாக இறுகிவிட்டால் அதன்மேல் மெழுகுபோல ஒரு படலம் படியும். உப்புத்தாள் போடுவதற்கு முன்பே அதைத் தண்ணீரும் நாரும் கொண்டு கழுவிவிட வேண்டும். கழுவாமல் தேய்த்தால் படலத்தைப் பூச்சுக்குள் தேய்த்து ஏற்றுகிறீர்கள். வெயில் படும் மேல்விளிம்புக்கு எபாக்ஸியின் மேல் பெயின்ட் கட்டாயம். சூரிய ஒளியில் எபாக்ஸி வெளுத்து உதிரும்.

ஓட்டைகள். நேரம் கொடுக்க வேண்டிய இடம் இதுதான். பலகையைச் சட்டத்தில் செருகி, தகட்டிலுள்ள ஓட்டைகள் வழியே 12 மி.மீ. டிரில்லால் குறி போடுங்கள். வெளியே எடுத்து அந்த இடங்களை 20 மி.மீ. அளவுக்குப் பெரிதாக்குங்கள். ஒரு பக்கம் டேப் ஒட்டி, முதலில் உட்சுவரில் மெல்லிய எபாக்ஸி தடவி, பிறகு கெட்டியாக்கிய எபாக்ஸியால் நிரப்புங்கள். ஒரு நாள் கழித்து, பலகையை மீண்டும் செருகி 13 மி.மீ. ஓட்டை போட்டால், அரை அங்குல போல்ட்டைச் சுற்றி மூன்று மி.மீ.க்கு மேல் எபாக்ஸிச் சுவர் நிற்கும். சீலன்ட் தோற்றாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது. போல்ட் நசுக்குவதும் மரத்தை அல்ல. நடுத்தர, பெரிய மோட்டார்களில் மேல் ஓட்டைகளின் இடைவெளி வழக்கமாக 327 மி.மீ.; ஆனாலும் உங்கள் மோட்டாரை அளக்காமல் துளைக்க வேண்டாம். பழைய தகட்டில் பயன்படாத ஓட்டைகள் இருந்தால் அவற்றுக்கு நேரே பலகையில் துளையே போடாதீர்கள்.

மறைமுகச் செலவு: நாட்கள். ஒட்டியது காய, ஒவ்வொரு கையும் காய, நிரப்பிய ஓட்டை காய என்று ஒரு வாரம் ஓடிவிடும். குளிர் காலத்தில் இன்னும் கூடும். எபாக்ஸி முழு வலு அடைய ஏறத்தாழ ஒரு வாரம் ஆவதால், அதற்குமுன் மோட்டாரைத் தொங்கவிட்டு போல்ட்டை முறுக்கினால் பூச்சு அமுங்கும்.

எப்போது சரி: சட்டம் நன்றாக இருந்து, பலகை போல்ட்டால் கழற்றக்கூடியதாக இருந்தால்.

## காம்போசிட் பலகை

கண்ணாடி இழை கோத்த பாலியூரித்தேன் நுரைப் பலகையைத்தான் இங்கே சொல்கிறோம். மக்காது. தண்ணீர் புகுந்தாலும் உளுத்துக் கொட்டாது. கேட்கும்போது விவாதமே முடிந்துவிட்டதுபோல இருக்கும். முடியவில்லை.

முதல் விஷயம் விறைப்பு. அதே தடிமனில் வெறும் காம்போசிட் பிளைவுட் அளவுக்கு விறைப்பாக இராது. இரு முகத்திலும் கண்ணாடி இழைத் துணியை ரெசினில் தோய்த்து ஒட்டிய பிறகே அது டிரான்ஸம் ஆகிறது. அதாவது பிளைவுட்டில் துணி விருப்பம், இங்கே கட்டாயம். அந்த அடுக்குகளின் கனத்தையும் தடிமன் கணக்கில் சேர்க்க வேண்டும். இரண்டாவது, நசுங்குதல். நுரை போல்ட்டுக்கு அடியில் மெதுவாக அமுங்கும் என்பதால், ஓட்டை நிரப்பும் வேலை இங்கும் குறைவதில்லை. கூடவே 6 மி.மீ. அலுமினியப் பின்தகடு போட்டுச் சுமையைப் பரப்ப வேண்டும். வாஷர் மட்டும் போதாது.

மூன்றாவது, அடர்த்தி. ஒரே பெயரில் பல அடர்த்திகளில் பலகை விற்கிறார்கள். தளத்துக்கும் இருக்கைக்கும் போடும் லேசான ரகத்தை டிரான்ஸமுக்கு எடுத்துவிடக் கூடாது. கன அடிக்கு 26 பவுண்டு, அதாவது கன மீட்டருக்கு 416 கிலோ என்ற ரகம் இந்த வேலைக்கு ஏற்றது.

மறைமுகச் செலவு: பலகையின் விலையே பிளைவுட்டைப் போல் பல மடங்கு, பெரும்பாலும் முழுத் தகடாகத்தான் கிடைக்கும், உங்களுக்குத் தேவை அதில் ஒரு மூலை. துணி, கூடுதல் ரெசின் தனி. வெட்டும்போது பறக்கும் கண்ணாடித் தூள் தோலையும் மூச்சையும் அரிக்கும். நல்ல முகமூடியும் முழுக்கை உடையும் இல்லாமல் ரம்பத்தைத் தொடாதீர்கள்.

எப்போது சரி: பலகை வெல்டு செய்த பெட்டிக்குள் அடைபட்டு இனித் திறந்து பார்க்கவே முடியாது என்றால், அல்லது படகு ஆண்டு முழுக்கத் தண்ணீரிலேயே கிடக்குமென்றால். இந்த இரண்டு நிலையிலும் கூடுதல் செலவு நியாயமானதே.

## மருந்தூட்டிய பிளைவுட்

மலிவு, மக்காது என்ற உத்தரவாதம் வேறு. அலுமினியத்துக்கு நடுவே போடவே கூடாத பலகை இது. இன்று பரவலாகப் பயன்படும் மரக்காப்பு மருந்துகளில் செம்புச் சேர்மம் இருக்கிறது. ஈரம் பட்டதும் செம்பு கரைந்து அலுமினியத்தின் மேல் படிகிறது. அங்கே மின்வேதி அரிப்பு தொடங்கி, தகட்டில் வெள்ளைப் பொடி பூத்துக் குழி விழுகிறது. பலகை அப்படியே இருக்க, அதைப் பிடித்திருக்கும் சட்டம் போய்விடும். பலகையை மாற்றலாம், சட்டத்தை மாற்றுவது வேறு கணக்கு.

எபாக்ஸியில் முழுக்க மூடிவிட்டால் என்ன என்று கேட்பார்கள். மருந்தூட்டிய பலகை பெரும்பாலும் ஈரமாகவே விற்கப்படுகிறது. வாரக்கணக்கில் உலர்த்தாமல் பூசினால் எபாக்ஸி உரிந்து வரும். உலர்த்திப் பூசினாலும் ஒரே ஒரு கீறல் போதும். அவ்வளவு பாடுபடுவதற்கு மரைன் பிளைவுட்டுக்கே பாடுபடலாம்.

## வெல்டு செய்த அலுமினியம்

மரமே இல்லாமல் அலுமினியப் பெட்டியாகக் கட்டிவிடுவது. சட்டம், மூலைத்தாங்கி, சானல் ஆகியவையும் விரிசல் விட்டிருந்தால் எப்படியும் வெல்டர் வரத்தான் வேண்டும். அப்போது இது நல்ல தேர்வு.

38 மி.மீ. திண்ணமான தகடு என்றால் மேலே சொன்ன அளவுக்கே முப்பது கிலோவைத் தொடும். அதனால் இரு தகடுகளும் உள்விலாக்களுமாகப் பெட்டி கட்டுவார்கள். ஒவ்வொரு போல்ட் ஓட்டையிலும் ஒரு தடித்த குழாயை வைத்து வெல்டு செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் போல்ட்டை இறுக்கும்போது பெட்டியின் முகம் உள்வாங்கும். கடல்நீருக்கு 5000 வரிசை அலுமினியக் கலவை ஏற்றது. 6061 என்ற கலவை வலுவானதுதான், ஆனால் வெல்டு செய்த இடத்தை ஒட்டி அதன் வலு பெருமளவு குறைந்துவிடும். அந்தக் குறைவு சரியாகப் பிராக்கெட் முறுக்கும் இடத்திலேயே வந்து விழுகிறது.

மறைமுகச் செலவு: வெல்டிங்குக்குமுன் மோட்டார், பேட்டரி, எரிபொருள் தொட்டி, பின்தளப் பலகை எல்லாம் இறங்க வேண்டும். மரம் உறிஞ்சிய அதிர்வும் இரைச்சலும் இனித் தளத்துக்கு வரும். நாளை மோட்டாரை மாற்றி ஓட்டை இடம் மாறினால் மீண்டும் வெல்டர்.

## மற்றவை

பாலியெத்திலீன் பலகை: சுமையில் மெல்ல மெல்ல இழுபட்டு உருமாறும், வெயிலில் விரியும், சாதாரணப் பசை எதுவும் ஒட்டாது. டிரான்ஸமுக்கு ஆகாது. திண்மரப் பலகை: ஈரத்தில் அகலவாக்கில் ஊதிச் சானலை நெருக்கும், உலர்ந்தால் பிளக்கும், ஓக்கின் அமிலம் உலோகத்தையும் அரிக்கும். ஊற்றி உறையவைக்கும் ரெசின் கலவை: இரு ஃபைபர் தோல்களுக்கு நடுவே ஊற்றவென்று உருவானது. அலுமினியத்தோடு சரியாகப் பிணையாது, உறையும்போது சுருங்கித் தகட்டை விட்டு விலகும். பான்டூனுக்கு இது வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | மரைன் பிளைவுட் + எபாக்ஸி | காம்போசிட் | மருந்தூட்டிய பிளைவுட் | வெல்டு அலுமினியம் |
|---|---|---|---|---|
| போல்ட் அழுத்தம் | நன்று, ஓட்டை நிரப்பினால் மிக நன்று | பின்தகடு கட்டாயம் | நன்று | உட்குழாய் இருந்தால் மிக நன்று |
| விறைப்பு | மிக நன்று | துணி ஒட்டினால் நன்று | மிக நன்று | வடிவமைப்பைப் பொறுத்தது |
| அலுமினியத்தோடு | பிரச்சினையில்லை | பிரச்சினையில்லை | அரிக்கும் | ஒரே உலோகம் |
| கசிவுக்குப் பின் | மக்கும் | மக்காது | மரம் பிழைக்கும், தகடு போகும் | மக்காது |
| பொருள் விலை | நடுத்தரம் | மிக அதிகம் | குறைவு | வெல்டர் கூலியே பெரிது |
| வீட்டுக் கருவிகளால் | முடியும் | முடியும், தூசி அதிகம் | முடியும் | முடியாது |
| ஏற்ற நிலை | கழற்றக்கூடிய சட்டம் | மூடிய பெட்டி, ஓயாத ஈரம் | பான்டூனில் இல்லை | சட்டமும் உடைந்திருந்தால் |

## எதைப் போட்டாலும் கெடுக்கக்கூடியவை

சீலன்ட்: புளிப்பு வாடை அடிக்கும் சிலிகான் அலுமினியத்தை அரிக்கும், அதன் எச்சத்தின் மேல் பெயின்ட்டும் பிடிக்காது. பாலியூரித்தேன் அல்லது பாலிசல்ஃபைடு எடுங்கள். நிரந்தரமாக இறுகும் வகையைத் தவிருங்கள். என்றோ ஒருநாள் மோட்டாரைக் கழற்ற வேண்டிவரும்.

போல்ட்: ஸ்டெயின்லெஸ், பூட்டு நட்டோடு. ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் தொடும் இடத்தில் அரிப்பைத் தடுக்கும் பசையைத் தடவுங்கள். மரையில் உராய்வுத் தடுப்பு மசகு இல்லாமல் வேகமாக முறுக்கினால் ஸ்டெயின்லெஸ் நட்டு பாதியிலேயே சிக்கி இறுகப் பிடித்துக்கொள்ளும், பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

வடிகால்: கீழ்ச் சானலில் தண்ணீர் தேங்கினால் எந்தப் பூச்சும் நீடிக்காது. சானலின் தாழ்ந்த இடத்தில் 8 மி.மீ. வடிதுளை ஒன்று போடுங்கள். துளைப்பது திறந்த சானல்தானா, மிதவைக் குழாயோ காற்றடைத்த மோட்டார்ப் பெட்டியோ இல்லையே என்று இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்னத் திருகுகள்: ஆழமானியின் சென்சாருக்காகக் கடைசியில் போடும் இரண்டு திருகுகள், பாடுபட்டுப் பூசிய பூச்சைத் துளைத்து ஈரத்தை உள்ளே விடும். தனியாக ஒரு சிறு பிளாஸ்டிக் பலகையை வெளியே ஒட்டி, திருகுகளை அதில் போடுங்கள்.

குதிரைத்திறன்: புதுப் பலகை வலுவாக இருக்கிறதென்று படகின் தகட்டில் எழுதியிருக்கும் உச்சவரம்பைத் தாண்டி மோட்டார் மாட்டக் கூடாது. அந்த வரம்பு பலகைக்கு மட்டுமானதல்ல. மிதவைக் குழாய்களின் கொள்ளளவையும் சட்டத்தையும் கணக்கில் கொண்டது.

முதல் ஓட்டத்துக்குப் பிறகு போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள், சீலன்ட்டும் பூச்சும் சற்று அமுங்கியிருக்கும். அதன்பின் ஆண்டுக்கொரு முறை மேல் போல்ட் ஒன்றை உருவி ஓட்டைக்குள் விளக்கடித்துப் பாருங்கள். எபாக்ஸிச் சுவர் முழுசாகவும் உலர்ந்தும் இருந்தால் புதுச் சீலன்ட் வைத்து மூடிவிடலாம். மரம் கறுக்காமல் ஈரம் மட்டும் தெரிந்தால் பலகையைக் கழற்றி உலரவிட்டு, அந்த ஓட்டையை மட்டும் மீண்டும் பெரிதாக்கி நிரப்பினால் போதும்.